ஜாய்ஸ்டிக் கேலிபிரேஷன்: எண்ணைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்

ஃப்ளைட் சிமுலேட்டரில் விமானம் சொன்னபடி கேட்கவில்லை என்றால் பெரும்பாலோர் நேரே கேலிபிரேஷன் பக்கத்தைத் (குச்சியின் நடுவையும் ஓரங்களையும் கணினிக்குப் பதிந்து கொடுக்கும் இடம்) திறக்கிறார்கள். அது சொல்கிறபடி ஜாய்ஸ்டிக் குச்சியைச் சுற்றிப் பொத்தானை அழுத்துகிறார்கள். சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. அப்போதும் ஆகாவிட்டால் டெட் சோனை, அதாவது நடுவில் குச்சி அசைந்தாலும் கணினி கண்டுகொள்ளாத இடைவெளியை, ஏற்றுகிறார்கள். முடிவில் விமானம் மொத்தமாக மந்தப்பட்டுப் போகிறது, முதலில் இருந்த கோளாறும் அப்படியே இருக்கிறது. குச்சி அனுப்பும் எண்களை முதலில் உட்கார்ந்து பார்த்துவிட்டால் இந்த அலைச்சலில் முக்கால்வாசி மிச்சம் என்பது என் அனுபவம்.

நான் கும்பகோணத்தில் ஆம்ப்ளிஃபையர், மைக் செட், பம்ப் செட் ஸ்டார்ட்டர் போர்டு பழுது பார்க்கிறவன். பாபநாசத்தில் இருக்கும் என் அக்கா மகன் பிளஸ் டூ படிக்கிறான். விமானி ஆக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஒரே பிடிவாதம். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து சுகோய் கிளம்பும் சத்தம் கேட்டால் சாப்பாட்டை விட்டுவிட்டு மாடிக்கு ஓடுவான். அவனுடைய அண்ணனுக்கு அரசுப் பள்ளியில் கொடுத்த மடிக்கணினி வீட்டில் இருந்தது. அதில் ஃப்ளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டரைப் போட்டுக்கொண்டான். தெரிந்தவர் ஒருவர் தன் பழைய ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தார். முறுக்கினால் ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்பும் வால் துடுப்பு), அடியில் ஒரு த்ராட்டில் நெம்பு (என்ஜினைக் கூட்டிக் குறைக்க), யூ.எஸ்.பி. வயர், சாதாரண வகை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டான். "மாமா, இது சரியில்ல. கேலிபிரேட் பண்ணிக் குடுங்க" என்றான். என்ன சரியில்லை என்று கேட்டபோது ஐந்து குறை சொன்னான். ரன்வேயில் ஓடும்போது மூக்கு இடப்பக்கம் இழுக்கிறது. மேலே போய்க் கையை விட்டால் வலப்பக்கம் சாய்கிறது. இறங்கும்போது என்ஜின் அடங்குவதில்லை. நடுநடுவே மூக்கு வெடுக்கென்று பக்கவாட்டில் வெட்டுகிறது. ரன்வேயை நெருங்கும்போது மூக்கு மேலும் கீழுமாக ஆடுகிறது.

ஐந்தில் கேலிபிரேஷன் தீர்க்கக்கூடியது இரண்டுதான். மற்ற மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. அதை எப்படிப் பிரித்துப் பார்த்தோம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

குச்சிக்குள் என்ன நடக்கிறது

இந்த வகை ஜாய்ஸ்டிக்கைக் கழற்றினால் உள்ளே பொட்டன்ஷியோமீட்டர்கள் இருக்கும். கடையில் நாங்கள் பாட் என்போம், ஆம்ப்ளிஃபையரில் இருந்தால் வால்யூம் கன்ட்ரோல். மூன்று கால். இரண்டு ஓரக் கால்களுக்கும் இடையே ஒரு கார்பன் தடம், அதன்மேல் நகரும் ஒரு தொடுமுனை, அதுதான் நடுக்கால். ஓரங்களில் மின்னழுத்தம் கொடுத்தால், குச்சி எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்ப நடுக்காலில் ஒரு மின்னழுத்தம் வரும். குச்சியின் அடியில் இருக்கும் சின்ன ஐ.சி. அதை எண்ணாக மாற்றி யூ.எஸ்.பி. வழியாக அனுப்புகிறது. 10 பிட் என்றால் 0 முதல் 1023 வரை. 8 பிட் என்றால் 0 முதல் 255 வரை.

இடம்-வலம், முன்-பின், முறுக்கு என்று குச்சி அசையும் ஒவ்வொரு வழியும் ஒரு ஆக்சிஸ். ஏட்டின்படி 10 பிட் ஆக்சிஸுக்கு நடு 512. நிஜத்தில் எந்தப் பாட்டும் எந்த ஸ்பிரிங்கும் அப்படிக் கச்சிதமாக அமையாது. ஒரு குச்சி 497-இல் நிற்கும், இன்னொன்று 531-இல் நிற்கும். ஓரங்களும் அப்படித்தான், 0 வரை போகாது, 1023 வரையும் போகாது. கேலிபிரேஷன் செய்யும் வேலை இவ்வளவுதான்: ஒவ்வொரு ஆக்சிஸுக்கும் கீழ் ஓரம், நடு, மேல் ஓரம் என்று மூன்று எண்ணைக் குறித்துக்கொண்டு, இடைப்பட்டதை நேர்கோடாகப் பங்கு போடுவது. எண் தானாகத் துள்ளினால் அதற்கு இதில் மருந்து கிடையாது. விமானத்தின் சுபாவத்துக்கும் கிடையாது.

பழைய காலத்தில் இதன் தேவை இன்னும் அதிகம். 1981-இல் ஐபிஎம் பி.சி.க்கு வந்த கேம் அடாப்டரில் 15 பின் சொருகி. குச்சியில் வெறும் பாட் மட்டும்தான். ஒரு கெப்பாசிட்டர் சார்ஜ் ஆக எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கணினியே எண்ணிப் பார்த்து நிலையைக் கண்டுபிடிக்கும். கணினி மாறினால் கணக்கும் மாறும். யூ.எஸ்.பி. வந்த பிறகு அந்த வேலை குச்சிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

எண்களைப் பார்க்கும் முறை

விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து ஜாய் டாட் சிபிஎல் என்று அடித்தால் கேம் கன்ட்ரோலர் பட்டியல் வரும். அதில் உங்கள் குச்சியைத் தேர்ந்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் சோதனைப் பக்கம் ஒன்று, செட்டிங்ஸ் பக்கம் ஒன்று. செட்டிங்ஸில் கேலிபிரேட் தொடங்கியதும் ரா டேட்டாவைக் காட்டு என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்தால் திருத்தப்படாத எண் அப்படியே தெரியும். லினக்ஸில் ஜேஎஸ்டெஸ்ட் என்ற சின்ன நிரல் போதும். ஜேஎஸ்டெஸ்ட் ஜிடிகே என்று படம் போட்டுக் காட்டும் வகையும் உண்டு.

சொருகும்போது குச்சியில் கை இருக்கக் கூடாது. சில ஜாய்ஸ்டிக்குகள் மின்சாரம் வந்த நொடியில் இருக்கும் நிலையையே நடுவாக எடுத்துக்கொள்ளும். ஒரு கையால் குச்சியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சொருகினால், அன்றைக்கு முழுக்க நடு கோணலாகவே இருக்கும். மேசைமேல் சமமாக வைத்து, கையை எடுத்துவிட்டு, பிறகு சொருகுங்கள்.

அடுத்து, குச்சியை இடது ஓரம் வரை தள்ளி மெதுவாக விடுங்கள். நின்ற எண்ணைத் தாளில் எழுதுங்கள். வலது ஓரம் வரை தள்ளி விடுங்கள், அதையும் எழுதுங்கள். இவன் குச்சியில் இடமிருந்து திரும்பினால் 524-இல் நின்றது, வலமிருந்து திரும்பினால் 538-இல் நின்றது. நடு என்பது ஒரு புள்ளியாக இல்லை, 14 எண் அகலமுள்ள ஒரு பட்டை. பட்டையின் மத்தி 531. ஓரங்கள் 38, 990.

இந்த நான்கு எண்ணிலேயே இரண்டாவது குறைக்கு விடை கிடைத்துவிட்டது. கணினி 512-ஐ நடு என்று நினைத்துக்கொண்டிருக்க, குச்சி 531-இல் ஓய்வெடுக்கிறது. 19 எண் வித்தியாசம், அதாவது 4 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக ஏலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடல்) எப்போதும் வலப்பக்கம் கொடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. விமானம் சாயாமல் என்ன செய்யும்? இது கேலிபிரேஷனுக்குரிய கோளாறு.

டெட் சோன் எவ்வளவு வேண்டும் என்பதும் இதே தாளிலிருந்து வரும். பட்டை மத்தியிலிருந்து இருபுறமும் 7 எண். ஒரு பக்கத்து வீச்சு ஏறக்குறைய 460. ஆக ஒன்றரை விழுக்காடு. 2 விழுக்காடு டெட் சோன் வைத்தால் தாராளம். கண்ணை மூடிக்கொண்டு 10 விழுக்காடு வைக்கிறார்கள் பலர். ரன்வேக்கு நேராக வந்து கடைசி 200 அடி உயரத்தில் இறங்கும்போது நீங்கள் குச்சியில் செய்யும் அசைவெல்லாம் அந்த 10 விழுக்காட்டுக்குள்தான் இருக்கும். அந்த இடத்தை அடைத்துவிட்டால் எப்படி இறங்குவது? இன்னொன்று, டெட் சோன் இயங்குதளத்தில் ஒன்று, சிமுலேட்டரில் ஒன்று என்று இரண்டு இடத்தில் இருக்கலாம். ஒரே இடத்தில் மட்டும் வையுங்கள்.

கேலிபிரேஷன் செய்யும்போது

விண்டோஸ் முதலில் நடுவில் விடச் சொல்லும். பிறகு ஓரங்களைத் தொட்டு வட்டமாகச் சுற்றச் சொல்லும். ஓரத்தில் முட்டியதும் போதும், அழுத்த வேண்டாம். பலமாக அழுத்தினால் பிளாஸ்டிக் வளைந்து இன்னும் சில எண் கூடுதலாக வரும். கணினி அதையே கடைசி ஓரம் என்று பதிந்துகொள்ளும். விளையாடும்போது அவ்வளவு அழுத்த மாட்டீர்கள், ஆகவே முழு ஏலரான் ஒருநாளும் கிடைக்காது. முறுக்கும் ரட்டர் ஆக்சிஸைப் பதியும்போது குச்சியை நடுவிலேயே வைத்து முறுக்குங்கள்.

த்ராட்டிலுக்கு நடு என்று ஒன்று தேவையில்லை, ஓரங்கள்தான் முக்கியம். இவன் குச்சியில் த்ராட்டில் 8 பிட். நெம்பை முழுக்க இழுத்த பிறகும் எண் 17-இல் நின்றது. 255-இல் 17 என்றால் ஏறக்குறைய 7 விழுக்காடு. செஸ்னா 172 போன்ற சின்ன விமானம் ரன்வேமீது இறங்க மறுத்து மிதந்துகொண்டே போக அந்தக் கொஞ்சமே போதும். மூன்றாவது குறை அது. 17-ஐக் கீழ் ஓரமாகப் பதித்ததும் என்ஜின் அடங்கியது. நான் அதை 19 என்று வைத்தேன். நெம்பு நாளைக்கு ஒரு எண் முன்னே பின்னே நின்றாலும் சுழியம் உறுதியாகக் கிடைக்கும்.

இப்படிப் பதிந்தது பெரும்பாலும் கணினியில்தான் இருக்கும், குச்சிக்குள் இருக்காது. வேறு கணினியில் சொருகினால் மறுபடி செய்ய வேண்டும். விண்டோஸில் அது அந்தப் பயனர் கணக்கின் ரெஜிஸ்ட்ரியில் போய் உட்கார்கிறது. ஒரே வீட்டில் அண்ணன் கணக்கில் சரியாக இருப்பது தம்பி கணக்கில் சரியில்லாமல் போவது இதனால்தான். விண்டோஸில் செய்த கேலிபிரேஷனை எல்லா சிமுலேட்டரும் மதிக்கும் என்றும் எண்ண வேண்டாம். எக்ஸ்-பிளேன் என்ற சிமுலேட்டருக்குள்ளேயே தனியாகக் கேலிபிரேஷன் இருக்கிறது. அங்கே செய்வதுதான் அதற்குச் செல்லும்.

லினக்ஸில் ஜேஎஸ்கால் என்ற நிரல் இந்த வேலையைச் செய்யும். அது ஒவ்வொரு ஆக்சிஸுக்கும் நான்கு எண் வைத்துக்கொள்கிறது: நடுப்பட்டையின் இரண்டு கரைகள், இடப்பக்கச் சரிவு, வலப்பக்கச் சரிவு. நம் தாளில் எழுதியதும் ஏறக்குறைய இதுவே என்பது பார்த்த உடனே விளங்கும். வயரைக் கழற்றினால் அது மறந்துவிடும். ஜேஎஸ்கால்-ஸ்டோர் கொடுத்துச் சேமித்துக்கொள்ள வேண்டும். இதுவும் லினக்ஸின் பழைய ஜாய்ஸ்டிக் இடைமுகம் வழியாகப் படிக்கும் நிரல்களுக்கு மட்டுமே பொருந்தும். ஈவ்டெவ் என்ற இன்னொரு இடைமுகம் வழியாகப் படிக்கும் நிரல்களுக்கு இந்தத் திருத்தம் போய்ச் சேராது. ஃப்ளைட்கியரில் ஒவ்வொரு ஜாய்ஸ்டிக் வகைக்கும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கிறது. டெட் பேண்ட், ஆஃப்செட், ஃபேக்டர், பவர் என்று ஒவ்வொரு ஆக்சிஸுக்கும் எழுதிக்கொள்ளலாம். அசல் கோப்பை ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டு மாற்றுங்கள்.

விமானத்தின் சுபாவம்

கேலிபிரேஷன் முடிந்ததும் பையன் உட்கார்ந்தான். சாய்வு போயிற்று, என்ஜின் அடங்கிற்று. ஆனால் ரன்வேயில் ஓடும்போது மூக்கு இன்னும் இடப்பக்கம் போனது. "மாமா, இன்னொரு தடவை கேலிபிரேட் பண்ணலாமா?"

வேண்டாம் என்றேன். செஸ்னாவின் ப்ரொப்பெல்லர் விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் எதிர்வினை விமானத்தை இடப்பக்கம் உருட்டப் பார்க்கும். ப்ரொப்பெல்லர் தள்ளும் காற்று உடலைச் சுற்றிச் சுருளாக வந்து வால் துடுப்பின் இடப்பக்கத்தில் அடிக்கிறது. அதனாலும் மூக்கு இடம் திரும்பும். மூக்கைத் தூக்கி ஏறும்போது கீழே வரும் வலப்பக்க அலகு அதிகமாக இழுப்பதால் இன்னும் கொஞ்சம். நிஜ விமானத்திலும் இப்படித்தான். மாணவர்களுக்கு முதலில் பழக்குவது வலது ரட்டரை மிதிக்கத்தான். சிமுலேட்டர் இதை ஒழுங்காகக் காட்டுகிறது என்பது அதன் பெருமை. இதைக் குச்சியின் குறை என்று எண்ணி கை எடுத்தாலும் ரட்டர் வலப்பக்கம் நிற்கும்படி நடுவைப் பதிந்தால், என்ஜினைக் குறைத்து இறங்கும்போது மூக்கு வலப்பக்கம் போகும்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. பாதுகாப்பான உயரத்தில் என்ஜினை முழுக்கக் குறைத்து மிதக்க விடுங்கள். இழுப்பு அடங்கினால் அது ப்ரொப்பெல்லரின் வேலை. என்ஜினைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதே அளவு இழுத்தால் மட்டும் குச்சியைச் சந்தேகியுங்கள். ரட்டர் இல்லாத குச்சி வைத்திருப்பவர்கள் ஃப்ளைட்கியரில் ஆட்டோ கோஆர்டினேஷனை (ஏலரானோடு ரட்டரையும் தானே சேர்த்து இயக்கும் வசதி) இயக்கிக்கொள்ளலாம்.

டிரிம்மும், அதாவது கை எடுத்தாலும் மூக்கு அதே நிலையில் நிற்கும்படி வைக்கும் சக்கரமும், இதே கதைதான். வேகமும் என்ஜின் அளவும் மாறும்போதெல்லாம் மூக்கு ஏறவோ இறங்கவோ பார்க்கும். அதைக் குச்சியால் பிடித்து நிறுத்தி, பிறகு கையில் அழுத்தம் இல்லாத நிலை வரும்வரை டிரிம்மைச் சுழற்ற வேண்டும். டிரிம் பழகாதவர்களுக்கு எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) நடு எப்போதும் தவறாகவே தோன்றும்.

ஆட்டம் எங்கிருந்து வந்தது

ரன்வேயை நெருங்கும்போது மூக்கு மேலும் கீழும் ஆடுவதற்கு அவன் சொன்ன மருந்து, குச்சியின் கூர்மையைக் குறைப்பது. நான் முதலில் பிரேம் ரேட்டை, அதாவது திரையில் நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்பதை, காட்டச் சொன்னேன். வானில் நன்றாக இருந்தது, தரையை நெருங்கிக் கட்டடங்களும் மரங்களும் வந்ததும் நொடிக்கு 15-க்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு. குச்சியை அசைத்தது கண்ணுக்குத் தெரிவதற்குள் கை இன்னும் கொஞ்சம் அசைத்துவிடுகிறது. தெரிந்ததும் பதறி எதிர்ப்பக்கம் இழுக்கிறது. மரங்களையும் மேகங்களையும் நிழலையும் குறைத்து 30-க்கு மேல் கொண்டுவந்ததும் ஆட்டத்தில் பாதி நின்றது.

மீதிப் பாதிக்கு வளைகோடு உதவியது. இது நியாயமான திருத்தம், கூச்சப்பட வேண்டியதில்லை. நிஜ விமானத்தின் யோக் (விமானி கையால் பிடிக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரம்) பல அங்குலம் பயணிக்கிறது, வேகம் கூடக்கூடக் கையில் கனக்கும். நம் குச்சி ஒரு விரற்கடை அசைவில் அவ்வளவையும் செய்ய வேண்டியிருக்கிறது, ஸ்பிரிங்கும் எந்த வேகத்திலும் ஒரே மாதிரிதான். நடுவில் மெதுவாகவும் ஓரத்தில் வேகமாகவும் பதில் வரும்படி வளைத்துக்கொள்வது நல்லது. ஓரம் 100 விழுக்காட்டைத் தொடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எலிவேட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வளைக்கலாம், ஏலரானுக்குக் குறைவாக. த்ராட்டிலுக்கு வளைவே வேண்டாம்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர்

சோதித்துப் பார்க்க டெல்டாக்காரர்களுக்கு இயற்கையாகவே ஒரு தடம் வாய்த்திருக்கிறது. திருச்சி விமான நிலையத்தின் ரன்வே 09/27, அதாவது 09 என்றால் கிழக்கு நோக்கி, 27 என்றால் மேற்கு நோக்கி. சிமுலேட்டரில் தேட வேண்டிய குறியீடு விஓடிஆர். 09-இல் கிளம்பினால் ஏறக்குறைய நேர் கிழக்கு. தஞ்சாவூரும் அங்கிருந்து ஏறக்குறைய நேர் கிழக்கில், சுமார் 25 கடல் மைல் தொலைவில் இருக்கிறது. காற்றை முழுக்க நிறுத்திவிடுங்கள். 2,000 அடிக்கு ஏறி, 110 நாட் (மணிக்கு 110 கடல் மைல்) வேகத்தில் டிரிம் செய்து, கையை எடுத்துவிடுங்கள். இடப்பக்கம் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து போவது தெரியும். சுமார் பதினான்கு நிமிடத்தில் தஞ்சாவூர் வர வேண்டும்.

எவ்வளவு விலகினீர்கள் என்பதை எண்ணாகச் சொல்லலாம். விமானிகளிடம் ஒன்றுக்கு அறுபது என்று ஒரு கணக்கு உண்டு: திசையில் 1 டிகிரி பிசகினால் 60 மைலில் 1 மைல் விலகும். 25 கடல் மைலில் அது முக்கால் கிலோமீட்டர். பழைய நடுவோடு பறந்தபோது இவனால் கையே எடுக்க முடியவில்லை, சாய்ந்து சாய்ந்து வல்லம் பக்கம் திரும்பிவிடும். திருத்திய பிறகு, இடையிடையே இரண்டு விரலால் லேசாகத் தொட்டுக்கொண்டே, பெரிய கோயில் இருக்கும் இடத்துக்கு அருகே போய்விட்டான். கையை எடுத்துவிட்டால் எந்தச் சின்ன விமானமும் மெல்ல ஒரு பக்கம் சாயத்தான் செய்யும். நீங்கள் பார்க்க வேண்டியது, ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம், ஒரே வேகத்தில், உடனே சாய்கிறதா என்பதை. அப்படியானால் நடு இன்னும் சரியில்லை.

காற்றை நிறுத்தாமல் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். ஆடியில் திருச்சியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று ரன்வேயின் வாட்டத்திலேயே வரும். 27-இல் இறங்கினால் முகத்துக்கு நேரே கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வரும்போது கதை வேறு. 040 டிகிரி திசையிலிருந்து 20 நாட் என்றால், 09-இல் இறங்குகிறவருக்கு அதில் 15 நாட் பக்கவாட்டில் விழும். செஸ்னா 172-இன் கையேடு செய்துகாட்டியதாகச் சொல்லும் பக்கக் காற்றின் அளவே 15 நாட்தான். நிஜ வானிலையை இயக்கிவைத்துவிட்டு, குச்சி ஒரு பக்கம் இழுக்கிறது என்று கேலிபிரேட் செய்வது வீண் வேலை.

வெடுக்கென்று வெட்டியது

நான்காவது குறை கடைசியில் பொட்டன்ஷியோமீட்டரில் போய் முடிந்தது. முறுக்கும் ஆக்சிஸின் எண்ணைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திருப்பினால் 120, 122, 125 என்று வந்துகொண்டிருந்தது திடீரென 190-க்குத் தாவி மறுபடி 127-க்கு வந்தது. பழைய ஆம்ப்ளிஃபையரில் வால்யூமைத் திருகும்போது ஒரே இடத்தில் கரகரவென்று கத்துமே, அதே நோய். தொடுமுனை அந்த இடத்தில் தடத்தைச் சரியாகத் தொடவில்லை. எத்தனை தடவை கேலிபிரேட் செய்தாலும் இது போகாது.

நம் பக்கம் இது சீக்கிரம் வருவதற்குக் காரணம் உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது தெருவெல்லாம் பதரும் தூசும். கார்த்திகை, மார்கழியில் ஈரம். இரண்டும் சேர்ந்து உள்ளே பசைபோலப் படிகிறது. விளையாடி முடித்ததும் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்தாலே ஆயுள் கூடும்.

முதலில் சுத்தம் செய்து பார்க்கலாம். வயரைக் கழற்றிவிட்டு, அடியிலுள்ள திருகுகளைக் கழற்றி, ஸ்பிரிங் எந்தப் பக்கம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கிடைக்கும். பாட்டின் கால்களுக்கு மேலே இருக்கும் இடுக்கில் சின்னதாக அடித்து, ஓரத்துக்கு ஓரம் பல தடவை திருப்பி, நன்றாக உலரவிட்டு மூடுங்கள். தையல் மெஷின் எண்ணெய், மண்ணெண்ணெய், துரு எடுக்கும் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். அவை எண்ணெய்ப் படலத்தை விட்டுவைக்கும், அதில் அடுத்த வருஷத் தூசு ஒட்டும்.

சுத்தம் செய்த பிறகும் இவனுடையது தாவியது. மல்டிமீட்டரை நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் இடையே வைத்துத் திருப்பிப் பார்த்தேன். இதற்கு டிஜிட்டல் மீட்டரைவிட முள் மீட்டர் நல்லது. எங்கே அறுகிறதோ அங்கே முள் சட்டென்று உதறும், டிஜிட்டலில் எண் மாறுவதற்குள் அந்த இடம் தாண்டிப் போய்விடும். கார்பன் தேய்ந்திருந்தது. தேய்ந்த கார்பனைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை, மாற்ற வேண்டியதுதான்.

மாற்றும்போது கவனிக்க வேண்டிய விஷயம், பாட்டின் மேல் எழுதியிருக்கும் எழுத்து. 10 கிலோ ஓம் என்றால் பி10கே என்று இருக்க வேண்டும். பி என்றால் லீனியர், திருப்புகிற அளவுக்கேற்பச் சமமாக மாறும். ஏ10கே என்பது ஒலியளவுக்கானது, காதுக்குச் சமமாகத் தோன்றும்படி வளைத்துச் செய்தது. அதைப் போட்டால் ஒரு பக்கம் ரட்டர் மந்தமாகவும் மறுபக்கம் கூர்மையாகவும் இருக்கும். கடையில் வால்யூம் என்று கேட்டால் பெரும்பாலும் ஏ-தான் எடுத்துக் கொடுப்பார்கள், பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு சங்கடம் சுழலும் கோணம். சாதாரணப் பாட் 300 டிகிரி வரை சுற்றும். குச்சியோ இருபுறமும் சேர்த்து 60 டிகிரிதான் முறுக்கும். தடத்தின் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறோம், ஆக 256 படியில் 51-தான் கிடைக்கும். கேலிபிரேஷன் அதை இழுத்து முழு அளவுக்குப் பரப்பிக் கொடுக்கும், ஆனால் படிகள் கூடாது. பக்கத்துக்கு 25 படி ரட்டருக்குப் போதும். ஏலரானுக்கும் எலிவேட்டருக்கும் இந்த மாற்றுவழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பொருத்தும்போது மீட்டரில் இரண்டு பக்கமும் 5 கிலோ ஓம் காட்டும்படி பாட்டைத் திருப்பிவைத்து, குச்சி நடுவில் இருக்கும்போது இறுக்குங்கள். அப்படி வைத்தால் பிறகு கேலிபிரேஷனுக்கு வேலை குறைவு.

புதிதாக வாங்குகிறவர்கள் பணம் இருந்தால் ஹால் எஃபெக்ட் சென்சார் உள்ளதாகப் பாருங்கள். ஒரு காந்தம், எதிரே ஒரு சென்சார்; ஒன்றோடொன்று உரசுவதில்லை, ஆகவே தேய்வதும் இல்லை. அதற்கும் நடு பார்க்க வேண்டும், ஓரம் பார்க்க வேண்டும். இந்தத் தாவல் மட்டும் வராது.

இப்போது பையனுக்குக் காலால் மிதிக்கும் ரட்டர் பெடல் வேண்டுமாம். முறுக்கி முறுக்கித்தான் அந்தப் பாட் தேய்ந்தது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. ஆர்டுயினோ ப்ரோ மைக்ரோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டைக் கணினி நேராக ஜாய்ஸ்டிக்காகவே ஏற்றுக்கொள்ளும், அதன் உள்ளீடும் 10 பிட். 49ஈ ஹால் சென்சார் ஒன்றும் சின்ன காந்தம் இரண்டும் வாங்கிவைத்திருக்கிறேன். காந்தம் எட்ட இருக்கும்போது சென்சார் 2.5 வோல்ட் காட்டுகிறது, நடுவுக்கு அது சரி. ஆசாரியிடம் வேங்கைப் பலகை அறுக்கக் கொடுத்திருக்கிறோம். கீல் எங்கே வைப்பது, இரண்டு மிதிக்கும் இடையே எவ்வளவு அகலம் விடுவது என்று அவன் தாளில் வரைந்துகொண்டிருக்கிறான்.